உச்சியக்கா இறக்கி வைத்த போன்

கட்டிட வேலைத்தளத்தில் உயரக் கிரேன் ஓட்டியவளை எல்லோரும் உச்சியக்கா என்றே கூப்பிட்டார்கள். காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் தரையைத் தொடுவாள். கீழே ஒவ்வொரு சுமையையும் கட்டி முடிக்கும்வரை கண்ணாடிக் கேபினுக்குள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மாவுக்குள்தான் போன் நுழைந்தது. ஒரு வீடியோ முடிவதற்குள் விரல் அடுத்ததைத் தள்ளும். பார்த்தது ஒன்றும் மனதில் நிற்காது, பார்க்காமலும் இருக்க முடியாது.

மற்றதெல்லாம் மெல்லச் சப்பென்று ஆனது. மகள் பள்ளிக்கூடத்துச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே கண் போனுக்கு ஓடும். கணவன் ஆசையாகச் சமைத்ததை, என்ன தின்றோம் என்று தெரியாமலே தின்று எழுவாள்.

ஒருநாள் கம்பிக் கட்டு கொக்கியில் தொங்கும்போதே மடியில் போன் மினுங்கியது. ஒரு நொடி பார்வை அங்கே போனது.

"நிறுத்தும்மா! நிறுத்து!" கீழிருந்து சுமைக்கு வழிகாட்டும் சைகைக்காரர் வாக்கி-டாக்கியில் அலறினார்.

கட்டு சாரத்தை உரசி ஆடி நின்றது. சாரத்தில் இருந்த வெல்டர் குனிந்துவிட்டார். தலைக்கு வந்தது தலைக்கவசத்தோடு போயிற்று.

காற்று தள்ளியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் இறங்கி வந்து இன்ஜினியரிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார். "சாமான் அறையில வேலை பாரு. டாக்டரைப் போய்ப் பாரு. மறுபடி ஏத்துறதா வேணாமான்னு வெல்டர்தான் சொல்லணும்."

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். "மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்கு. எழுந்து போய் ஒரு காரியத்தை முடிக்கணும்னு உந்தித் தள்ளுறதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்க அதை ஓயாம சுண்டி விட்டுக்கிட்டே இருந்தா, சாதாரண விஷயம் எப்படி ருசிக்கும்?"

"மாத்திரை குடுங்க டாக்டர்."

"முதல்ல நல்லாத் தூங்குங்க. காலை வெயில்ல வேகமா நடங்க. முட்டை, பருப்புன்னு ஒழுங்காச் சாப்பிடுங்க. எடுத்த வேலை சின்னதா இருந்தாலும் முடிச்சிட்டு எழுந்திருங்க. அப்பவும் மனசு கனமாவே இருந்தா வாங்க, வேற வழி பார்க்கலாம்."

அன்றே போன் அலமாரி மேல்தட்டுக்குப் போனது. அழைப்பு வந்தால் மட்டும் எடுப்பது என்று முடிவு. கை நமநமத்தது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள்.

"அதை எடுத்துக் குடுத்துடட்டுமா? எங்களுக்கும் உயிர் மேல ஆசை இருக்கு" என்றான் கணவன்.

"எடுத்தீங்கன்னா நடக்கிறதே வேற!"

காலை நடைக்கு நாத்தனார் துணை வந்தாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். "அண்ணி, நான் வாயைத் தொறந்தா மூட மாட்டேன், பரவால்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சியக்கா தோற்றாள். போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் தாழ் போட்டாள். தண்ணீர்ச் சத்தமே கேட்காததால் மகள் கதவைத் தட்டினாள். "அம்மா, உள்ளதான் இருக்கியா?" வெளியே வந்தவளுக்கு அழுகை முட்டியது. மறுநாள் விடியும்போதே காலணியை மாட்டிக்கொண்டு நாத்தனாரை எழுப்பினாள். "சறுக்கினவ ஏறக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? கிளம்புடி."

நடை மெல்ல ஓட்டமானது. பாலத்து ஏற்றத்தில் ரேடியோவுக்கே மூச்சு வாங்கி ஒலிபரப்பு நின்றது. நன்றாகப் பசித்தது. படுத்தால் தூக்கம் வந்தது. பின்வாசலில் துருப்பிடித்துக் கிடந்த மகளின் சைக்கிளைக் கழற்றி, சங்கிலி மாற்றி, ஓட விட்ட பிறகே கை கழுவினாள். அன்று மாலை மகள் தோழியின் கதையைப் பாதியில் நிறுத்தியபோது, "அப்புறம் என்னாச்சு?" என்றாள். மகள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மீதியைச் சொன்னாள்.

பிறகு வெல்டரிடம் போய் நின்றாள். "அண்ணே, நான் ஏறட்டுமா?"

அவர் முகக்கவசத்தைத் தூக்கினார். "போன்?"

"கீழே லாக்கர்ல. இனிமே மேலே அதுக்கு வேலை இல்ல."

அவர் முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தார். "என் பொண்டாட்டி உன்னைத் திட்டாத நாள் இல்ல. சரி, ஏறு. நான் சாரத்துலதான் நிப்பேன், பார்த்துக்க."

அன்று கூரையின் பெரிய உத்தரத்தைத் தூக்க வேண்டியிருந்தது. கட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கேபினில் சும்மா இருப்பது கடினமாகத்தான் இருந்தது. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனித்தாள். சைகை வந்தது. தூக்கினாள், திருப்பினாள், மயிரிழை மயிரிழையாக இறக்கினாள். இரண்டு தூண்களுக்கு நடுவே உத்தரம் முனகாமல் உட்கார்ந்தது.

"பூ வச்ச மாதிரி வச்சுட்டியேம்மா!" என்றார் சைகைக்காரர்.

வயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் நிதானமாக ஏறி வந்தது. அவள் அவசரப்படவில்லை. அது முழுசாக வந்து சேரும்வரை இருந்துவிட்டு வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"அடுத்ததை மாட்டுங்கண்ணே."