வேர்க்காத முதுகு

நெடெல்காவின் முதுகைக் கெடுத்தது நான்தான். திங்கட்கிழமை காலை, சமையலறையில் பாத்திரம் மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை அவள் விலாவிலிருந்து இடுப்புவரை ஆறு சுற்றுச் சுற்றி, தகரக் கூரைக்குக் கீழே நாற்பது நிமிடம் கயிறு தாண்ட வைத்தேன். எங்கள் கோலோன் துறைமுக நகரத்தில் எடை குறைக்கிற குத்துச்சண்டைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். தாளுக்கு அடியில் கற்பூரக் களிம்பு பூசியது மட்டும் என் சொந்தக் கண்டுபிடிப்பு. "களிம்பு போட்டா ரெட்டிப்பா வேர்க்கும்" என்று நான் அறிவித்தபோது என் குரலில் ஒரு விஞ்ஞானியின் தோரணை இருந்தது.

கத்தரியால் தாளை வெட்டியதும் அந்தத் தோரணை கழன்று விழுந்தது. முதுகு, விலா, வயிறு எங்கும் சோள ரவையைத் தூவினாற்போல் வேர்க்குரு. விரல் வைக்க இடமில்லை.

"எரியுதா?" என்றேன்.

"நீங்க வைக்கிற சூப்பவிட மோசமில்ல மாஸ்டர்."

வெள்ளிக்கிழமை அவளுக்குத் தேசியப் பட்டத்துக்கான சண்டை. வியாழன் மாலை தராசு நூற்றெட்டு பவுண்டைத் தாண்டக் கூடாது. திங்களன்று அவள் நூற்றுப் பதின்மூன்று. இருபத்தேழு வயதில், அதிகாலையில் மீன் சந்தையில் வேலை பார்த்துக்கொண்டே, ஏழு வருடம் அடிபட்டுச் சேர்த்த வாய்ப்பு அது. என் கதை சுருக்கமானது: பத்தொன்பது சண்டை, பதினோரு தோல்வி. மேடைத் தரைக்கு என் கன்னம் நன்றாகப் பழக்கம். சாவதற்குள் பட்டம் ஜெயித்தவருக்குத் தருகிற ஒரு பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. மறைப்பானேன்.

மூலை மருந்துக்கடை ஸொராய்தா அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அந்த முதுகைப் பார்த்தார்.

"எந்த மகாராசன் இதச் செஞ்சான்?"

"நான்தான்கா."

"தெரியும். உன் வாயால கேக்கணும்னு ஆசை."

திட்டிக்கொண்டே வைத்தியமும் சொன்னார். களிம்பு வேர்வைத் துவாரத்தை அடைத்துவிடுமாம். பவுடரும் அப்பக் கூடாது, வேர்வையோடு சேர்ந்து மாவாகிவிடும். குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும், தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். தொளதொளவென்று பருத்திச் சட்டை. வெயில் ஏறுமுன் பயிற்சி. நனைந்த துணியை உடனே மாற்றிவிட வேண்டும்.

"இத மொதல்லயே செஞ்சிருந்தா ஒரு குருகூட வந்திருக்காது. இப்ப நாலஞ்சு நாளைக்கு அவள வேர்க்கவே விடாத."

"வேர்க்காம அஞ்சு பவுண்டு எப்படிக்கா குறையும்?"

"அது உன் பாடு."

"சரி, மேடை ஏத்தலாமா கூடாதா? அதச் சொல்லுங்க."

"நான் மருந்து விக்கிறவ எலியேசர். தோலப் பத்திக் கேளு, சொல்றேன்."

சண்டையை நடத்துகிற மில்சியாதெஸைத் தொலைபேசியில் கேட்டேன். "மாஸ்டர் நீங்க, உங்க முடிவுதான்" என்றார் பெருந்தன்மையாக. அதே மூச்சில், "சுவரொட்டியெல்லாம் ஒட்டியாச்சு" என்றும் சொல்லி வைத்தார். நெடெல்காவையே கேட்டேன்.

"நான் ஏறாம யாரு ஏறுவா, நீங்களா? உங்களத் தூக்கிட்டுப் போக நாலு பேரத் தேடணும் மாஸ்டர்."

சிரித்துவிட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

மிச்சமிருந்த பிளாஸ்டிக் சுருளைக் குப்பையில் எறிந்தேன். செவ்வாயன்று பருத்திச் சட்டை, விடியற்காலைப் பயிற்சி, அக்கா சொன்னபடியே எல்லாம். புதன்கிழமை தராசு நூற்றுப் பத்து காட்டியது. பிளாஸ்டிக் இல்லாமல், இரண்டே நாளில் மூன்று பவுண்டு! மூளையுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். நான் போர்த்தொபேலோ தேவாலயத்துக் கருப்புக் கிறிஸ்து சிலைக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

வியாழன் காலை கடலோரச் சாலையில் கடைசி ஓட்டம். அவள் ஓட, நான் பின்னால் சைக்கிளில். காற்றே இல்லை. கால்வாய்க்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் ஒட்டவைத்தாற்போல் நின்றன. இரண்டாவது கிலோமீட்டருக்குள் என் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. உட்கார்ந்து மிதிக்கிறவனுக்கே இந்தக் கதி. அப்போதுதான் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த சாம்பல் நிறச் சட்டையை ஒழுங்காகப் பார்த்தேன். அதில் ஒரு ஈரத் திட்டுகூட இல்லை.

சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினேன்.

"நில்லு."

"என்ன மாஸ்டர், அதுக்குள்ள மூச்சு வாங்குதா? நீங்க வேணா ஓடுங்க, நான் மிதிக்கிறேன்."

அவள் பிடரியில் கை வைத்தேன். வெயிலில் கிடந்த தகரம்போலச் சுட்டது. காய்ந்திருந்தது. வேர்வை நின்றுபோன உடம்பு என்னவாகும் என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் முப்பது வருடத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பிழைக்காமல் போன அந்த ஆளின் பெயரை நான் எங்கும் சொல்வதில்லை.

பாதாம் மரத்தடியில் அவளை உட்காரவைத்து, புட்டித் தண்ணீர் முழுவதையும் தலையில் கொட்டினேன்.

"நெடெல்கா, வெளையாட்டு வேணாம். நாளைக்கு உன்ன மேடை ஏத்தலாமா?"

அவள் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை.

"நீங்க பிளாஸ்டிக்கத் தூக்கிப் போட்டுட்டீங்க, நான் வேற சுருள் வாங்கி வீட்டுல நானே சுத்திக்கிட்டேன் மாஸ்டர். நேத்துலேருந்து முதுகுல வேர்வையே வரல. சந்தையில ஐஸ்பெட்டி பக்கத்துலயே கண்ணு இருட்டி ஒக்காந்துட்டேன். நீங்க கேட்டப்பல்லாம் எதையாவது சொல்லிச் சிரிக்க வச்சேன். பெல்ட்டு எனக்கு வேணும். ஆனா ஏத்தாதீங்க. பயமா இருக்கு."