முன்சக்கரம் தூக்கிய வண்டி

1961ஆம் ஆண்டு தை மாதத்தில், சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எடப்பாடிப் பக்கத்து மிளகாய்க் காடு ஒன்றுக்கு ஒரு சின்ன டிராக்டர், முன்சக்கரம் இரண்டும் ஆகாயத்தில் இருக்க, பின்சக்கரத்திலேயே ஓடிப்போய்ச் சேர்ந்தது. ஓட்டியவள் இன்னாசிமேரி. எதிரே வந்த பஸ்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். மகுடஞ்சாவடிச் சந்தையில் அன்று வெங்காய விலை விழுந்திருந்ததால், யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் பழையது. அவள் புருஷன் சவரியாருக்கும் பக்கத்துக் காட்டு மருதாசலத்துக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் இவர் மாடு, மறுநாள் அவர் மாடு என்று முறை வைத்து இறைத்தார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு முறையை மற்றவர் தொடக் கூடாது. தொட்டாலும் சாவு வீட்டுக் காட்டுக்குத்தான் பாய்ச்ச வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். சவரியாரைக் கல்லறைக்குத் தூக்கிப்போன அன்று அவருடைய முறை. மருதாசலம் கூசாமல் தன் மாட்டைப் பூட்டித் தன் கரும்புக்கே பாய்ச்சிக்கொண்டார். கேட்கப் போனவர்களிடம், "சாவு ஊட்டுக்கு எதுக்குங்க தண்ணி?" என்றார். போன முறை போனதுதான் என்று அடுத்த முறையையும் தரவில்லை. பிறகு கிணற்றைச் சுற்றி முள்வேலியே போட்டுவிட்டார். இன்னாசிமேரியின் மிளகாய்ச் செடிகள் நின்ற நிலையில் கருகின. அவள் அழவில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரையிடம் சவரியார் வாங்கிப் போட்டிருந்த டிராக்டரை ஓட்டப் பழகினாள். அந்த ஆளின் கிணற்றுக்கு அடியிலேயே போய்த் தண்ணீரை உறிஞ்சினால்தான் வயிற்றெரிச்சல் அடங்கும் என்று இருந்தது அவளுக்கு.

செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருந்த ஜான் பாஷாவிடம், டிராக்டரின் பின்னால் மாட்டி மண் தோண்டும் இரும்புக் கைகள் மூன்று கிடந்தன. குட்டைக் கை வாய்க்கால் வெட்டத்தான் ஆகும். நடுக்கை வண்டியின் எடைக்குப் பொருத்தம். நெட்டைக் கை மேட்டூரில் பெரிய இயந்திரம் ஒன்றோடு வேலை பார்த்தது. பாஷா நடுக்கையைத் தட்டிக் காட்டினார். "வண்டிக்கு ஏத்த கையா எடுங்கம்மா. கை கனமா இருந்தா மூக்கு தூக்கிக்கும்." அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு கையின் அருகிலும் குனிந்து, மருதாசலம் என்று பெயரைச் சொன்னாள். குட்டைக் கை சும்மா கிடந்தது. நடுக்கை லேசாக அசைந்தது. நெட்டைக் கை முழங்கையை மடக்கி, வாளிப் பற்களை நறநறவென்று கடித்தது. "இதையே குடுங்க பாய்," என்றாள். பழைய இரும்புக்கு இப்படி உண்டு என்று சொல்லிவிட்டு, பாஷா போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டார்.

வேலியை ஒட்டித் தன் பக்கத்தில் தோண்டினாள். பெயரைச் சொல்லச் சொல்லக் கை முழம் முழமாக நீண்டது. வண்டிதான் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆடியது. முன்னால் அம்மியைக் கட்டினாள், ஆட்டுக்கல்லைக் கட்டினாள், சக்கரம் இறங்கவில்லை. அப்படியும் பங்குனியில் ஒரு காலை மருதாசலத்தின் தண்ணீர் மொத்தமும் இவள் குழிக்குள் வந்துவிட்டது, மீனோடும், அவர் என்றோ தவறவிட்ட பித்தளைச் சொம்போடும்.

இரண்டு கோடை தாங்கிவிட்டு மருதாசலம் வந்து நின்றார். "ஏனுங்க, எம்பட காடு காயுதுங்க. ஒரு மொறை உடுங்க."

"உடறனுங்க. வண்டி ஓடறப்பெல்லாம் மூக்கு மேல வந்து உக்காந்துக்கோங்க."

கேலி என்று நினைத்துத்தான் ஏறினார். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் இறங்காத சக்கரம், ஒல்லி மனிதர் அவர் உட்கார்ந்ததும் மெத்தென்று தரையில் இறங்கியது. அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் காட்டுக்கும் தண்ணீர் போனது; வண்டி போன இடமெல்லாம் மருதாசலமும் போனார். எடப்பாடிச் சந்தைக்குப் போனார், ஊரார் கிணறு வெட்டும் இடங்களுக்குப் போனார், கோயில் திருவிழாவுக்கும் போனார். குடை பிடிக்க அவள் விடவில்லை. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சம்பந்தியை முதலில் பார்த்ததே வண்டியின் மூக்கில்தான். இன்னாசிமேரிக்கு அது தேனாக இனித்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

1968இல் மருதாசலம் செத்துப்போனார். அன்று அவருடைய முறை. கருகும் கரும்புக்குத் தண்ணீர் கேட்டு அவர் மனைவி சின்னாயி ஆள் அனுப்பினாள். இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை இன்னாசிமேரி நிதானமாக எடுத்துச் சொன்னாள்: "சாவு ஊட்டுக்கு எதுக்குங்க தண்ணி?" மடையைத் தன் மிளகாய்க்குத் திருப்பிவிட்டாள்.

சாயங்காலம், இனி மூக்கு தூக்கிக்கொள்ளும் என்று அம்மியைக் கயிற்றோடு தயாராக வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். முன்சக்கரம் தரையிலேயே இருந்தது. சுடுகாட்டிலிருந்து புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. அவள் வண்டியின் மூக்கைப் பார்த்துச் சொன்னாள்:

"கொஞ்சம் நகந்து உக்காருங்க. பாதை தெரியல."

பாதை தெரிந்தது. வண்டியைக் காட்டுக்கு ஓட்டிப் போனாள்.