புரிந்த மாதிரி

ஜெயசுதாவுக்கு இந்தி தெரியும். ரெட்டிபாளையம் பக்கத்து சிமெண்ட் ஆலையில் வருகைப் பதிவு பார்த்துக்கொண்டிருந்தவளை விசாரணை அறைக்குக் கூப்பிட்டது அதற்காகத்தான்.

முந்தின நாள் காலை, நின்றிருந்த கன்வேயர் பெல்ட்டில் சிக்கிய கல்லை எடுக்க ஏறிய தங்கசாமி செத்துப்போயிருந்தார். "பெல்ட் போடாதே!" என்று ஃபோர்மேன் வீரமணி வாக்கிடாக்கியில் கத்தியிருக்கிறார். இரைச்சலில் அது சுவிட்ச் பக்கத்தில் நின்ற மங்ராவின் காதில் "போடு" என்றே விழுந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டான். ஜார்கண்டிலிருந்து வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது அவனுக்கு.

"வீரமணி சொன்னது புரிஞ்சுதான்னு கேளும்மா" என்றார் மேனேஜர்.

கேட்டாள். மங்ரா நிமிரவேயில்லை. "முஜே லகா, சமஜ் கயா" என்றான்.

"புரிஞ்சுதாம் சார்."

மேனேஜர் எழுதிக்கொண்டார். மங்ரா கைநாட்டு வைத்தான். உத்தரவு புரிந்தும் மீறியதாக வழக்குப் போட்டார்கள். ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் சிறைக்குப் போனான்.

நாலு நாள் கழித்து, கணக்குப் பரீட்சையில் தோற்று வந்த மகளை அதட்டினாள் ஜெயசுதா. "டீச்சர் சொல்லிக் குடுக்கையில புரிஞ்சுதுன்னுதானடி சொன்ன?"

"புரிஞ்ச மாதிரி இருந்துச்சும்மா."

ஜெயசுதாவுக்கு மங்ராவின் சொல் ஞாபகம் வந்தது. லகா. அவன் சொன்னதும் அதைத்தானே? புரிந்த மாதிரி இருந்தது என்றல்லவா சொன்னான்?

அப்புறம் மங்ராவின் அந்தக் குரல் அவளை விடவில்லை. பட்டப்பகலில், ஆலை இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது. பதிவேட்டில் தங்கசாமியின் பெயருக்கு நேரே காலியாகக் கிடந்த கட்டங்களைப் பார்த்தாலே வந்தது. சோற்றில் கை வைத்தால் வந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"ஃபைல் மூடியாச்சும்மா. ஒரு வார்த்தையைத் திருத்துனா போன உசுரு வந்துடுமா?"

"உள்ள ஒரு உசுரு இருக்கு சார்."

தன் தவறை எழுதி அரியலூர் கோர்ட்டில் கொடுத்தாள். ஜாமீனுக்கும் அவளே ஆள் பிடித்தாள். மறுநாளே இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சிறை வாசலில், வெளியே வந்த மங்ராவிடம் இந்தியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. தங்கசாமியின் வீட்டுக்குக் கூட்டிப் போக முடியுமா என்று மட்டும் கேட்டான்.

தங்கசாமியின் மனைவி மலர்கொடி வாசலுக்கு வந்தாள். யாரென்று தெரிந்ததும் முகம் இறுகியது. மங்ரா வாசற்படிக்குக் கீழே உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். தமிழில்லை, இந்தியுமில்லை. அவன் வீட்டுப் பேச்சு, முண்டாரி. நிறுத்தாமல் பேசினான், குரல் உடைந்த பிறகும்.

"என்னங்க சொல்றான்?" என்றாள் மலர்கொடி.

நாக்கு நுனிவரை வந்தது, மன்னிப்புக் கேட்கிறான் என்று. ஜெயசுதா அதை விழுங்கினாள்.

"எனக்குத் தெரியலைங்க."

மலர்கொடி அவனைப் பார்த்தபடியே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.