மாப்பிள்ளையின் மாமா கொண்டுவந்த ரிவால்வர்

கப்பலேறிச் சென்னைக்குப் போய் பௌதிகத்தில் பி.ஏ. வாங்கித் திரும்பியவள் நான். எங்கள் வீட்டுப் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்ததே என் ஒருத்திக்குத்தான். ஆசிரியை வேலையும் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் போவேன் என்றேன். மாப்பிள்ளையின் தாயார் ருக்கையா மாமி ஒரு நிபந்தனை போட்டார்.

“நிக்காஹ் முடியிற வரைக்கும் திரைக்குப் பின்னாடி வாயைத் திறக்காம உக்காரட்டும். அப்புறம் பாக்கலாம்லா.”

எதையும் பாடமாக விளக்கும் என் வியாதியை யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஆத்திரம் வந்தது. ஒப்புக்கொண்டேன்.

மாப்பிள்ளை யூசுப் வந்து அமர்ந்ததும் வானத்தை நோக்கிச் சுடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்காக அவருடைய மாமா முகம்மது கனி சூலியா தெரு வீட்டு முற்றத்தில் நின்றார். சொந்த ரிவால்வர் பழுதாகிவிட்டதால் பழையது ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

நான் திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா பீச் ஸ்ட்ரீட் துப்பாக்கிக் கடையில் எழுத்தர். அந்தக் கடை விலைப்பட்டியல்களில்தான் நான் இங்கிலீஷே படித்தேன். மாமா பழகிய ரகத்தில் விசையை இழுத்தால் தோட்டாவைத் தட்டும் சுத்தியல் தானே எழும்பி விழும். இந்த ரகத்தில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அதை விடுவிப்பது மட்டுமே விசையின் வேலை.

மாமா எரிச்சலில் சுத்தியலையும் இழுத்துப் பார்த்தார். அது ‘டக்’கென்று நின்றது.

“மருமகனே, இங்க பாரு, ரோசாக் ஆயிருச்சுலா, கெட்டே போச்சு!” என்று விசையில் விரலோடு திரும்பினார். குழல் யூசுப்பின் நெஞ்சைப் பார்த்தது.

‘மேலே தூக்குங்க’ என்றால் போதும். பட்டதாரிக்கு முன்னுரை இல்லாமல் பேச வருமா?

“மாமா, ரிவால்வரில் ரெண்டு வகை உண்டு,” என்று ஆரம்பித்தேன்.

சபை உறைந்தது. நல்ல வேளையாக மாமாவின் விரலும்.

“முதல் வகையில் விசை கனமா இருக்கும். ஏன்னா சுத்தியலையும் அதுவே தூக்கணும். ரெண்டாவது வகையில்...”

“வகையை அப்புறம் சொல்லுங்க,” என்றார் யூசுப். “இப்ப நான் என்ன செய்யணும்?”

“நகருங்க! மாமா, விரலை எடுங்க, மேலே தூக்குங்க! ஈ உக்காந்தாலே வெடிக்கும்!”

மாமா தூக்கினார், விரலை எடுக்கவில்லை. வெடித்தது. கூரை ஓடு ஒன்று நொறுங்கிப் பந்தல்மேல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

அத்தோடாவது நிறுத்தினேனா?

“இதைத்தான் சொல்ல வந்தேன். உள்ளே ஒரு பள்ளத்தில் மாட்டி நிற்கிற சுத்தியலை விசை லேசா நழுவவிட்டாலே...”

ருக்கையா மாமி திரையை விலக்கினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கும்மா?”

“எட்டுக்கு, மாமி.”

“ஏழுக்கே போயிரு. பேசவேண்டியதையெல்லாம் அங்கேயே பேசித் தீத்துட்டு வீட்டுக்கு வா.”