சுத்தியல் தொட்ட இடம்

அன்றைக்கு மத்தியானம் பட்டறையில் இருந்தவர்கள்: குறடால் இரும்பைப் பிடித்துக்கொண்டு அண்ணன். அவனுக்கு எதிரே சம்மட்டியோடு தங்கை. அவள் பக்கத்தில் இன்னொரு சம்மட்டியோடு, லாரி என்று பட்டப்பெயர் வாங்கிய தடியன். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கூப்பிடாமல் வந்த தங்கையின் புருஷன். வேறு யாரும் இல்லை. நானும் அங்கேதான் நின்றேன் என்று தெருவில் பாதிப் பேர் பிற்பாடு சொன்னதெல்லாம் புளுகு.

புருஷன் அவளுடைய முன்பல் இரண்டை உடைத்த மறுநாள் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்கார்ந்து தின்னப் பிடிக்கவில்லை. பட்டறையில் ஓர் ஆள் நின்றுபோன சமயம், சம்மட்டியைத் தானே எடுத்துக்கொண்டாள். அண்ணன் கத்தித் தீர்த்தான்.

"என்ன, துணியா துவைக்கிற? தோளால அடிக்காத. குதிகாலால அடி!"

குதிகாலால் எப்படி அடிப்பது? கொப்புளம் உடைந்து பிடி வழுக்கியது. ஒரு தரம் சம்மட்டி அவள் முழங்காலையே பதம் பார்த்தது. பிறகு ஒருநாள் தானாக வந்தது. குதிகால் தரையைத் தேய்த்துத் திரும்ப, இடுப்பு அதன் பின்னால் போக, சம்மட்டி முதுகுப்பக்கம் வட்டமடித்துத் தலைக்கு மேல் ஏறித் தன் கனத்திலேயே விழுந்தது. அவள் அடிக்கவில்லை, வழிவிட்டாள். அவளுடையது இறங்கும்போது லாரியுடையது ஏறியது. லாரியுடையது இறங்க அவளுடையது ஏறியது.

"அக்கா, நாம மேடையே ஏறிடலாம் போலயே."

"உன் தொப்பையை எந்த மேடைடா தாங்கும்?"

அவள் அதுவரை எங்கும் ஆடியதில்லை. அந்த உடம்பு அடிவாங்க மட்டும்தான் பழகியிருந்தது: யாராவது கை ஓங்கினால் ஒருபக்கம் ஒடுங்கும், முழங்கை முகத்தை மறைக்க ஏறும். அதே உடம்பு இப்போது செய்கிற காரியத்துக்கு ஆட்டம் என்பதைத் தவிர வேறு பேர் அவளுக்குத் தோன்றவில்லை. இதை விட்டு இனி எங்கேயும் போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

ஆட்டத்துக்குச் சட்டம் உண்டு. அண்ணனின் வலக்கையில் சின்னச் சுத்தியல். இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லில் அது எங்கே தொட்டுக் காட்டுகிறதோ அங்கே சம்மட்டி விழ வேண்டும். முதலில் அவளுடையது, அடுத்து லாரியுடையது. யோசிக்கக் கூடாது, யோசிப்பதற்குள் இரும்பு ஆறிவிடும். சுத்தியலை அவன் படுக்க வைத்தால்தான் நிறுத்த வேண்டும்.

கடப்பாரை ஒன்றுக்கு முனை அடித்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் வாசலில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தானோ.

"நல்லா இருக்கே கூத்து! இப்படி இடுப்பை ஆட்டத்தான் என்னை விட்டுட்டு ஓடி வந்தியா?"

அண்ணன் சுத்தியலைப் படுக்க வைத்தான். இருவரும் நிறுத்தினார்கள். கடப்பாரை உலைக்குள் போனது.

"மாப்பிள்ளை, உட்காருங்க."

"உட்காரவா வந்தேன்? அடுத்த வாரம் அனுப்புறேன், அடுத்த வாரம் அனுப்புறேன்னு எத்தனை தடவைதான் சொல்லுவீங்க மச்சான்?"

தங்கை திரும்பினாள். அண்ணன் அவளைப் பார்க்காமல் கரியைக் கிளறினான்.

"அனுப்புறேன்னு சொன்னியா அண்ணே?"

"கொஞ்ச நாள் போய் இருந்து பாரு. நானும் நாலு பேர் முகத்துல முழிக்கணும்ல."

"மேஸ்திரி, அக்கா போனா எனக்கு யாரு ஜோடி?" என்று அண்ணனைப் பார்த்து லாரி குறுக்கே வந்தான். வாக்கியத்தை முடித்தானோ இல்லையோ, புருஷன் தரையில் கிடந்த கம்பியை எடுத்து அவன் நெற்றியில் போட்டான். தோல் கிழிந்து ரத்தம் இரண்டு கண்ணையும் மூடியது. லாரி சுவரில் மோதி, சம்மட்டியை ஊன்றி, தட்டுத் தடுமாறித் தன் வழக்கமான இடத்துக்கே வந்து நின்றான்.

புருஷன் இடது உள்ளங்கையை அடைகல் மேல் ஊன்றிக் குனிந்தான். அவன் மூச்சு அவள் முகத்தில் பட்டது.

"எங்க, இப்ப ஆடு. நானும் பார்க்கிறேன். ஆடுடி!"

கம்பி மேலே போனது. அவள் உடம்பு பழைய பக்கமே ஒடுங்கியது. முழங்கை ஏறியது. சம்மட்டித் தலை தரையில் கிடந்தது. இத்தனை நாள் பழகியதெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது என்று அவளுக்கே அவமானமாக இருந்தது.

அண்ணன் சுத்தியலை எடுத்தான். பயத்தில் கைக்கு எதையாவது பிடிக்க வேண்டியிருந்திருக்கும். "வேணாம் மாப்பிள்ளை," என்றபடி தட்டினான். டிங். ஊன்றிய விரல்களை ஒட்டி.

குதிகால் திரும்பியது.

பச்சை விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. கம்பி எங்கோ போய் விழுந்தது. புருஷன் அலறிக்கொண்டு முழங்காலில் சரிந்தான். கை மட்டும் யாருடையதோ போல மேலேயே கிடந்தது. லாரிக்குக் கண் தெரியவில்லை. அவள் அடி விழுந்தது காதில் கேட்டது, அடுத்தது தன் முறை. அவன் சம்மட்டி மணிக்கட்டில் இறங்கியது.

டிங்.

அதற்குள் புருஷனின் கை கல்லிலிருந்து நழுவிவிட்டதால் அவளுடைய அடுத்த அடி வெறும் கல்லில் விழுந்து பொறி பறந்தது. மறுபடி லாரி. மறுபடி டிங்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அண்ணன் கத்தினான், தட்டிக்கொண்டே.

"மொதல்ல நீங்க சுத்தியலைப் படுக்க வைங்க மேஸ்திரி!"

படுக்க வைத்தான். அடைகல்லின் ஓரத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே கிடந்தவன் அம்மா அம்மா என்று கீச்சுக்குரலில் முனகினான்.

"நீ அடிச்ச," என்றான் அண்ணன்.

"நீ தட்டின."

"கை தானாத் தட்டிடுச்சு."

"எனக்கும் தானாத்தான் வந்துச்சு. ஆனா இடத்தைக் காட்டினது நீ."



நசுங்கிய கையைச் சாக்கில் சுற்றி, புருஷனைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டார்கள். லாரி நெற்றியைத் துணியால் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினான். அண்ணன் வாசல்படியில் நின்று திரும்பினான்.

"ஆஸ்பத்திரியில போலீசுக்குச் சொல்லிடுவாங்க. நான் வர்றதுக்குள்ள கிளம்பிடு. இனிமே இந்தப் பட்டறையில உனக்கு வேலை இல்ல."

உலைக்குள் கடப்பாரை முனை வெள்ளையாகிப் பொறி கக்கியது. இன்னும் விட்டால் எரிந்து வீணாகிவிடும். அவள் இடக்கையில் குறட்டை எடுத்தாள். அடைகல்லிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"இரும்பு எரியுது அண்ணே. நகரு."

அவன் நகர்ந்தான். அவனுடைய குதிகால் படியைவிட்டு இறங்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். பூட்டையும் பூட்டிவிட்டு உலைக்குத் திரும்பினாள்.