புதைந்தவனிடம் பாதை கேட்டார்கள்

பனிச்சரிவில் புதைந்த மறுநாள் காலை, ஹேமின் அடியிலிருந்து தேநீர் கேட்டான். சர்க்கரைக் கட்டி இரண்டு வேண்டும் என்றும் சொன்னான். எல்லை தாண்டிச் சுமை தூக்கிப் பிழைக்கும் தாலானி ஊரே மண்வெட்டிகளோடு ஓடிவந்தது. சரிந்த பனி சிமெண்டாக இறுகியிருந்தது. பத்துப் பேர் ஒரு பகல் முழுக்க வெட்டினால் எடுத்துவிடலாம். அவன் மனைவி ஷனேதான் முதல் வெட்டு வெட்டினாள். அப்போது ஹேமின், "கிழக்குச் சரிவுல கால் வைக்காதீங்கடா. மேல இறுகியிருக்கு, அடியில மணல் மாதிரி உதிருது. இங்க நல்லாக் கேக்குது" என்றான். சொல்லி வாய் மூடுவதற்குள் கிழக்குச் சரிவு நான்கு கோவேறு கழுதைகளோடு பள்ளத்தாக்கில் இறங்கியது. மண்வெட்டிகள் நின்றன.

சரக்கு வியாபாரி தோஃபீக் நல்ல மனிதன். ஏமாற்றுவதற்கு முன் நலம் விசாரிப்பான். குனிந்து, "தம்பி, மூச்சு விட முடியுதா?" என்றான்.

"முடியுதுண்ணே."

"குளிருதா?"

"பழகிடுச்சு."

"அப்ப அவசரம் ஒண்ணுமில்ல" என்று நிமிர்ந்தான்.

"உன் அப்பனைப் புதைச்சுக் குறி கேளுடா!" என்று கத்தினாள் ஷனே. தோஃபீக் கோபப்படவில்லை. அப்பனுக்குக் காது கேட்காதே என்று பணிவாக விளக்கினான்.

அந்தக் குளிர்காலத்தில் மலையில் ஒருவரும் சாகவில்லை. ஆண்கள் வரிசையில் நின்று ஹேமினிடம் பாதை கேட்டுவிட்டு ஏறினார்கள். கோடை வந்ததும், பனி உருகிவிடாமலிருக்க, சந்தையில் பனி விற்பவர்கள் குழியை மூடுவதுபோல அவன்மேல் வைக்கோலும் கம்பளமும் பரப்பினார்கள். ஷனே அள்ளி எறிந்தாள், ஊர் மறுபடி பரப்பியது, காவலும் போட்டது. வீட்டில் மாவு தீர்ந்தபோது சுமைக்கயிற்றைத் தானே தோளில் மாட்டிக்கொண்டாள். கொட்டும் பனியில் ஏசி பெட்டியை முதுகில் சுமந்து போவது தாலானியில் யாருக்கும் வேடிக்கையாகப் படுவதில்லை. எந்த முகட்டில் காற்று பனியைக் குவித்திருக்கிறது, எங்கே காலடியில் தொம்மென்று கேட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அவளுக்கு மட்டும் ஹேமின் இருமுறை சொன்னான். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி வந்தாள். சில வருடங்கள் இப்படிப் போயின.

பிறகு முல்லா, உயிருள்ளவனைப் புதைத்து வைத்திருக்கும் ஊரின் தொழுகை எங்கே போய்ச் சேரும் என்று மசூதியில் கேட்டுவிட்டார். வெட்கம் தாங்காமல் ஆண்கள் வெட்டத் தொடங்கினார்கள். பாதி ஆழம் போயிருப்பார்கள். சுமையோடு வந்த ஷனே குழிக்குள் இறங்கி நின்றாள்.

"இப்ப யாரு வெட்டச் சொன்னா உங்களை?"

"நீதானே அன்னிக்கு..." என்று இழுத்தான் தோஃபீக்.

"அது அன்னிக்கு. நாளையிலேருந்து என் பெரிய பொண்ணும் என்னோட சுமை தூக்க வர்றா. இவரை எடுத்துட்டா அவளுக்கு யாரு பாதை சொல்வா? நீயா?"

ஆண்கள் மண்வெட்டிகளைக் கீழே வைத்தார்கள்.

"மேற்கு வழியாப் போகச் சொல்லு" என்றான் அடியிலிருந்து ஹேமின். "முகட்டுக்கிட்ட நிக்க வேணாம். அப்புறம், நெஞ்சுக்கு மேல பனி குறைஞ்சிருக்கு. கொஞ்சம் போட்டுட்டுப் போ."

ஷனே போட்டாள். போட்டதைக் காலால் மிதித்து இறுக்கவும் செய்தாள்.