குளியலறை ஜன்னலில் இரண்டு பாக்கெட்

அந்தத் தெருவில் அவளைச் சொந்தப் பெயரால் அழைத்தவர்கள் தபால்காரரும் வங்கிக்காரர்களும்தான். மற்ற எல்லாருக்கும் அவள் தும்மலக்கா. சலவைத்தூள் தொழிற்சாலையில் பாக்கெட் கட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். எத்தனை முறை குளித்தாலும் காதோரத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு மிச்சமிருக்கும். அவளிடம் நின்று பேசுகிறவர்கள் இரண்டு தும்மலாவது போடாமல் பேச்சை முடித்ததில்லை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பட்டப்பெயருக்கு வயதா பார்க்க முடியும்?

அவள் கணவர் மெக்கானிக். அவர் வேலை பார்த்தது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த போட்டிக் கம்பெனியில். அதுவும் சலவைத்தூள்தான். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். அவளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டு அவர் அந்தப் பக்கம் போவார். இந்தக் கம்பெனி ரகசியமும் அந்தக் கம்பெனி ரகசியமும் ஒரே கட்டிலில் படுத்துத் தூங்குகிறதே என்று தெருவுக்குத் தீராத குடைச்சல். தொழிற்சாலைக்குள் நடப்பதை வெளியே யாரிடமும் சொல்வதில்லை என்று இரண்டு பேருமே அவரவர் கம்பெனியில் கையெழுத்துப் போட்டவர்கள். அந்தக் காகிதத்தில் கட்டிய கணவனுக்கு விலக்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அவள் கம்பெனியில் திருடிக்கொண்டு போகும்படி ஒன்றும் இல்லை. மழைக்காலம் வந்தால் அவர்கள் தூள் பாக்கெட்டுக்குள்ளேயே கட்டிதட்டிப் போகும். கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். பாக்கெட்டோடு ஒரு சுத்தியலும் இலவசமாகக் கொடுங்கள் என்று ஒருவர் எழுதியே அனுப்பியிருந்தார். திரும்பி வந்த பெட்டிகளை அவளுடைய பிரிவில்தான் அடுக்குவார்கள். வழியை அடைக்கிறது என்று எல்லாரும் திட்டினார்கள். அவள் மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து, சிலர் செய்தித்தாள் படிக்கிற மாதிரி, பாக்கெட்டின் முதுகில் அச்சடித்த தேதிகளைப் படித்தாள்.

படித்துக்கொண்டே வந்தவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஒரே ஒரு நாளின் பாக்கெட் மட்டும் திரும்பி வரவே இல்லை. வாய் ஒட்டும் இயந்திரம் பழுதாகி, அன்றைய தூள் முழுவதும் ராத்திரி பூராவும் திறந்த தொட்டிகளில் கிடந்து, மறுநாள் காலையில் பாக்கெட்டுக்குள் போன நாள் அது. மற்ற நாட்களில் தூள் சூடாக வரும், சூட்டோடு நிரப்பி வாயை ஒட்டிவிடுவார்கள். உள்ளே அது வியர்க்கும், வியர்த்தது கட்டிப்படும். விஷயம் இவ்வளவுதான்.

அவள் ஒரே நாள் தூளில் சூடாக நிரப்பியதில் ஒன்று, தானே ராத்திரி ஆறவிட்டு நிரப்பியதில் ஒன்று என்று இரண்டு பாக்கெட்டைக் கொண்டுவந்து வீட்டுக் குளியலறை ஜன்னலில் ஒரு மழை மாதம் முழுக்க வைத்தாள். ஒன்று கல்லானது. மற்றதைக் கவிழ்த்தால் மணலாக ஓடியது.

அவள் மேலாளருக்குத் தொழிற்சாலையில் 'ஆகட்டும்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். ஆனதும் இல்லை, பார்த்ததும் இல்லை. அவரிடம் மூன்று முறை போனாள். முதல் முறை அவர் போனில் இருந்தார். இரண்டாம் முறை, "தூளை ஆற வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா டார்கெட்டை உங்கப்பாவாம்மா வந்து முடிப்பாரு?" என்றார். மூன்றாம் முறை இரண்டு பாக்கெட்டையும் மேசைமேல் வைத்தாள். அவர் தும்மினார். "ஆகட்டும், பார்க்கலாம்."

வீட்டில் கதை வேறு. மெக்கானிக் அந்த இரண்டு பாக்கெட்டையும் மாற்றி மாற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே நாள் தூளா?"

"ஒரே நாள்தாங்க. ஒரே தொட்டி."

"ஜன்னல்ல எது வெளிப்பக்கம் இருந்துச்சு?"

அவள் திகைத்துப்போனாள். பிறந்த வீட்டில், பள்ளிக்கூடத்தில், தொழிற்சாலையில், அவள் ஒன்றைச் சொன்னால் சரி என்பார்கள், இல்லை சும்மா இரு என்பார்கள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்ட ஆள் இவர் ஒருவர்தான். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரு மாதமாக அதே பேச்சு. இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒருநாள் சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. ஒரு சலவைத்தூள் பாக்கெட்டை வைத்துக்கொண்டு ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று சொன்னால் தெரு நம்பியிருக்காது.

அதற்கடுத்த வருஷம் மெக்கானிக்குக் கேடயம் கிடைத்தது, பதவி உயர்வும் வந்தது. "வேலையில ஒரு பிரச்சினை. சரி பண்ணிக் குடுத்தேன்" என்றார். விழாவுக்கு அவரது நீலச் சட்டையை அவள்தான் இஸ்திரி போட்டாள். காலரை மட்டும் மூன்று தடவை. தெருவில் வீடு வீடாக இனிப்புக் கொடுத்து, "அவருக்கு மூளைங்க, மூளை" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

இரண்டு வருஷம் ஓடியது. பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தூள் மழையிலும் மணலாகக் கொட்டியது. இந்தப் பக்கத்துத் தூளைக் கடைக்காரர்கள் வாங்குவதையே விட்டார்கள். அவள் கம்பெனி ஒருவழியாக விழித்துக்கொண்டு, அங்கிருந்த உற்பத்தி அதிகாரி ஒருவரை இரட்டிப்புச் சம்பளமும் காரும் கொடுத்து இழுத்து வந்தது. கிளம்பும்போது ஒரு துண்டுக் காகிதம்கூட எடுத்துப் போகக் கூடாது என்று பழைய கம்பெனியில் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவரும் எடுத்து வரவில்லை. தலையைக் கழற்றி அங்கே வைத்துவிட்டு வர மட்டும் வழியில்லாமல் போயிற்று.

பயிற்சி அறையில் எல்லாரையும் உட்காரவைத்து அவர் திரையில் படம் காட்டினார். திறந்த தொட்டிகளில் தூள்.

"ஆறு மணி நேரம். சூடு இறங்கணும். அப்புறம்தான் பாக்கெட். இவ்ளோதாங்க ரகசியம்."

தும்மலக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனசுக்குள் முதலில் வந்தது, நம்புங்கள், பெருமைதான். நான் நினைச்சது சரிதான், பாலத்துக்கு அந்தப் பக்கமும் யாரோ அதையே கண்டுபிடிச்சிருக்காங்க என்று ஒரு பூரிப்பு.

"இதைக் கண்டுபிடிச்சது விஞ்ஞானி இல்ல" என்றார் புதியவர். "அங்க ஒரு மெக்கானிக். அவரு என்ன பண்ணிருக்கார் தெரியுமா? தன் வீட்டு பாத்ரூம் ஜன்னல்ல ரெண்டு பாக்கெட்டை ஒரு மாசம் வெச்சுப் பார்த்திருக்கார். கம்பெனி ஆண்டு மலர்ல வந்த படம் இது."

திரையில் நீலச் சட்டை. சுவர் அகலத்துக்கு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எடை போடுகிற பெண் அவள் தொடையில் கிள்ளினாள். "அக்கா! உங்க வீட்டுக்காரரு! ஐயோ, குடுத்து வெச்சவங்கக்கா நீங்க." அந்தப் பெண்ணுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அறை முழுவதும் திரும்பியது. ஆகட்டும் எழுந்து நின்று கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

"ஏம்மா," என்றார் ஆகட்டும், சிரித்த முகமாக, "இவ்ளோ பெரிய மூளையை வீட்லயே வெச்சுக்கிட்டு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நடிக்கிறாரோ என்று தேடினாள். இல்லை, அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. மூன்று முறை வந்து நின்றதும் மேசைமேல் வைத்த இரண்டு பாக்கெட்டும் அவர் தலையில் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை.

வாயைத் திறந்து அது என்னுடையது என்று சொல்லலாம். சொன்னால், கம்பெனி விஷயம் எப்படிப் பாலம் தாண்டியது என்று அடுத்த கேள்வி வரும். சாயந்திரத்துக்குள் இவளுக்கு வேலை இருக்காது, நாளைக்குள் அவருக்கும் இருக்காது.

"வீட்ல வேலை விஷயம் பேசறதில்லைங்க சார்" என்றாள்.

"பாத்தீங்களா, இதுதாங்க விசுவாசம்!" என்றார் புதியவர். மறுபடி கைதட்டல்.

அன்று ஸ்கூட்டருக்குக் காத்திருக்காமல் அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். தேடி அலைந்துவிட்டுப் பின்னால் வந்த மெக்கானிக், "சொல்லிட்டு வர மாட்டியா? பாலத்துல அரைமணி நேரம் நிக்கறேன்" என்றார்.

"உங்க படத்தைப் பார்த்தேன் இன்னைக்கு."

"என்ன படம்?"

"கேடயத்தோட. நீலச் சட்டை. காலர் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார், "மீட்டிங்ல கட்டிதட்டுறதைப் பத்திக் கேட்டாங்க. ஒருத்தனும் வாயைத் திறக்கல. எனக்குத் தெரியுமேன்னு சொல்லிட்டேன். எப்படித் தெரியும்னாங்க. நீ சொன்னேன்னு சொன்னா உன் வேலை போயிருக்காதா? வீட்ல வெச்சுப் பார்த்தேன்னேன். பொய்யில்லையே, வீடு நம்மளதுதானே."

"என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ சட்டையை வெச்சுக்கிட்டு அவ்ளோ சந்தோஷமா நின்னே."

அதில் பொய் எதுவும் இல்லை. அவளுக்கு அது தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் கத்தியாவது தீர்த்திருக்கலாம்.

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லி? ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து பாக்கெட்டைப் பார்த்துட்டிருக்கவா?" அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "வெளிய எங்கயும் சொல்ல முடியாது. இந்த நாலு சுவத்துக்குள்ளயாவது சொல்லுங்க. அது யாரோடது?"

"உன்னோடதுதான். இதுல என்ன சந்தேகம்?" என்றார் உடனே. பிறகு ஹெல்மெட் பட்டையை நெருடிக்கொண்டே, "ஆனா, ஆறு மணி நேரம்னு பிடிச்சது நான். நீ ராத்திரி பூரான்னுதான் சொன்னே. அவ்ளோ நேரம் எந்தக் கம்பெனியும் ஒத்துக்க மாட்டான்."

"ஆமாங்க" என்றாள். "அது நீங்கதான்."

குழந்தை வரைந்த படத்தைப் பார்த்துச் சொல்கிற குரல் அது. அவருக்கு அது கேட்கவில்லை. சற்று நிம்மதியாகவே நிமிர்ந்தார்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன்" என்றாள். "அந்த மாசம் பூரா என்னை உக்கார வெச்சு இன்னும் சொல்லு, இன்னும் சொல்லுன்னு கேட்டீங்களே. அது என்கிட்ட பேசறதுக்கா, மீட்டிங்குக்கா?"

மெக்கானிக் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதுதான் வினை.

"முதல்ல உனக்காகத்தான்."

"முதல்லன்னா, எந்த நாள் வரைக்கும்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே, தேதியைத் தேடுகிறவர்போல யோசித்தார். அவள் ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தாள்: துணி மடித்த நாள், இடம் மாற்றி வைத்த நாள், விக்கல் வந்த நாள். எது எந்தப் பக்கம் விழும் என்று தெரியவில்லை. கேட்டது தப்பு என்று புரிந்தது. அவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

தெருவுக்கு இதெல்லாம் அரசல்புரசலாகத்தான் தெரியும். சண்டைச் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் ஒரே ஸ்கூட்டர், அதே பாலம். ஏதோ மனஸ்தாபம் போல என்றார்கள். அப்புறம் அதையும் விட்டுவிட்டார்கள்.

அவள் தொழிற்சாலையில் தொட்டிகள் வரிசையாக வந்து நின்றன. ஆறு மணி நேரம் என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்தார்கள். ஆனாலும் அந்த மழைக்கு ஐந்தில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. புதியவர் தலையைச் சொறிந்துகொண்டு வரிசையில் மேலும் கீழும் நடந்தார். ஆகட்டும் கூடவே நடந்தார். "அங்க சரியாத்தானே இருந்துச்சு" என்றார் புதியவர், யாரையும் பார்க்காமல்.

அவர்கள் தாண்டிப் போனதும் தும்மலக்கா ஒரு தொட்டிக்குள் கையை விட்டாள். மேலே குளிர்ந்திருந்தது. முழங்கை வரை இறக்கினாள். அடியில் சூடு அப்படியே இருந்தது. அந்தக் கம்பெனித் தொட்டி ஆழம் குறைவாக இருக்கும். இங்கே நடுவில் ஒருமுறை கிளறிவிட்டால் போதும்.

எடை போடுகிற பெண், "என்னக்கா பார்க்கறீங்க?" என்றாள்.

"ஒன்னுமில்லடி" என்றாள். கையை உருவித் தட்டிவிட்டு, அடுத்த தொட்டியின் சீட்டில் நேரத்தைக் குறித்தாள்.